மூன்று வாரத்தில் போர்த்துக்கீசியத்தில் உருப்படியாக ஒரு அறிமுகம்: முடியுமா?

புது_ஆள்:
அடுத்த மாதம் வேலைக்காகப் போர்ச்சுகலில் உள்ள போர்ட்டோ நகருக்குப் போகிறேன். வேலை ஆங்கிலத்தில்தான், ஆனால் குழுவில் பாதிக்கு மேல் போர்த்துக்கீசியர்கள். முதல் நாள் எல்லோர் முன்னாலும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்க விருப்பமில்லை. பெயர், எங்கிருந்து வருகிறேன், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டது, மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு சொல்லத் தெரிந்தால் போதும். டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் பத்து நாள் உட்கார்ந்து கீழே உள்ளதைத் தேற்றியிருக்கிறேன். தப்பு இருந்தால் திட்டாமல் திருத்துங்கள்.

"ஓய்! மேவு நோமி எ செந்தில். எவு ஸோ இந்தியு. எவு ஸோ உங் எஞ்ஜெஞேரு. எவு ஸோ கன்ஸாது. எவு இஸ்தோ அப்ரெந்தெந்து போர்த்துகேஸ். ஒப்ரிகாத!"

லிஸ்பன்_அக்கா:
தம்பி, திட்டவில்லை, ஆனால் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு. நீ சொன்னதன் அர்த்தம் இது: "ஹாய்! என் பெயர் செந்தில். நான் ஒரு பழங்குடி. நான் ஒரு பொறியாளர். நான் பிறவியிலேயே களைத்துப்போனவன். போர்த்துக்கீசியம் கற்றுக்கொண்டிருக்கிறேன். நன்றி!" அந்தக் கடைசி நன்றியும் பெண்கள் சொல்வது.

ஒவ்வொன்றாக வருகிறேன். இந்தியாவிலிருந்து வந்தவர் "இந்தியானு", பெண் என்றால் "இந்தியான". "இந்தியு" என்றால் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள். அதற்கும் இப்போது "இந்தீஜென" என்பதுதான் மரியாதையான சொல். பிரேசிலில் ஏப்ரல் 19 அன்று கொண்டாடும் நாளின் பெயரையே 2022இல் சட்டம் போட்டு மாற்றிவிட்டார்கள். இதில் குழம்பவே வேண்டாம் என்றால் "ஸோ த இந்தியா" என்று சொல்லிவிடு, இந்தியாவிலிருந்து வருகிறேன், வேலை முடிந்தது.

"கன்ஸாது" களைத்தவன். "கஸாது" கல்யாணமானவன். நடுவில் ஒரு மூக்கொலி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம், கூடவே இரண்டாவதில் வரும் ஸ வண்டு ரீங்காரம் மாதிரி அதிர வேண்டும். நம் எழுத்தில் அந்த அதிர்வுக்குத் தனி எழுத்து இல்லாததால் எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுவார்கள். என் வீட்டுக்காரர் முதல் ஆறு மாதம் போகிற இடமெல்லாம் களைத்தவராகவே இருந்தார். ஒருவரும் திருத்தவில்லை. "பாவம், நிறைய வேலை போலிருக்கிறது" என்று நினைத்திருப்பார்கள்.

"உங்" தேவையே இல்லை. தமிழில் "நான் ஒரு பொறியாளர்" என்று யாராவது சொல்கிறோமா? "நான் பொறியாளர்" என்போம். இவர்களும் அப்படித்தான், "ஸோ எஞ்ஜெஞேரு". "எவு" என்ற "நான்"கூட வேண்டாம், வினைச்சொல்லிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். "வந்தேன்" என்றால் வந்தது நான்தானே.

சாம்பா_சாமி:
அக்கா கொஞ்சம் பொறுங்கள். களைப்பையும் பழங்குடியையும் விட்டுவிட்டால் அவர் எழுதியது சுத்தமான பிரேசில் போர்த்துக்கீசியம். "ஓய்", "மேவு நோமி எ", "இஸ்தோ அப்ரெந்தெந்து" எல்லாம் நான் சாவ் பாவுலுவில் தினமும் கேட்பது. டுவோலிங்கோ கற்றுத்தருவது பிரேசில் வழக்கைத்தான், அவர் மேல் தப்பில்லை. 2022 கணக்கெடுப்புப்படி பிரேசிலில் 20 கோடிக்கு மேல் ஜனம், போர்ச்சுகலில் ஒரு கோடியும் சொச்சமும். பெரும்பான்மை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லிஸ்பன்_அக்கா:
சாமி, அவர் போவது போர்ட்டோவுக்கு. அந்த 20 கோடிப் பேரும் போர்ட்டோவிலா இருக்கிறார்கள்?

பிரேசில் வழக்கில் பேசினால் இங்கே புரியும், எல்லோரும் அவர்கள் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். சிக்கல் பேசுவதில் இல்லை, காதில் இருக்கிறது. பிரேசில்காரர் உயிரொலிகளை வாய் நிறைய வைத்துச் சொல்வார், இவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள். "இஸ்தோ" இங்கே "ஷ்தோ". "ஒப்ரிகாது" அவசரத்தில் வெறும் "ப்ரிகாது". பிரேசில் ஒலியிலேயே பழகிய ஆள் முதல் நாள் இங்கே வந்தால், இது ரஷ்ய மொழியா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அதனால் தம்பி, எந்தக் கரை என்று முதலில் முடிவு செய், பிறகு அந்தக் கரையின் குரலை மட்டும் கேள். போர்ச்சுகல் வானொலி ஆர்டிபியை இணையத்தில் போட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார். புரியாது, பரவாயில்லை.

போர்ட்டோவுக்கு ஏற்ற மாதிரி உன் பத்தியைத் திருத்தியிருக்கிறேன்:

"போங் தியா! ஸோ உ செந்தில். ஸோ த இந்தியா. ஸோ எஞ்ஜெஞேரு. ஸோ கஸாது. ஷ்தோ அ அப்ரெந்தேர் புர்த்துகேஷ். முயிந்து ப்ரஸேர்!"

பெயருக்கு முன்னால் வரும் "உ" புதிதாக இருக்கும். போர்ச்சுகலில் அன்றாடப் பேச்சில் ஆளின் பெயருக்கு முன்னாலும் ஒரு சுட்டு போடுவார்கள், ஆணுக்கு "உ", பெண்ணுக்கு "அ". "ஷாமு-மெ செந்தில்" என்றும் சொல்லலாம், புத்தகங்களில் அதுதான் முதல் பாடமாக வரும். வாயில் எது சுலபமாக வருகிறதோ அது. கடைசியில் இருப்பது "சந்தித்ததில் மகிழ்ச்சி". யாராவது அதையே உன்னிடம் சொன்னால் "இக்வால்மெந்த்த" என்று திருப்பிச் சொல், "எனக்கும்தான்" என்று பொருள்.

இலக்கணப்_பூனை:
"முயிந்து" பற்றி ஒரு வார்த்தை. எழுத்தில் அந்தச் சொல்லில் "ன்" என்ற மெய்யே கிடையாது, ஆனாலும் மூக்கால்தான் சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் எல்லோரும் இங்கே அடிவாங்குவார்கள்.

மூக்கொலி கஷ்டம், வராது என்று நிறையப் பேர் புலம்புவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஆச்சரியம். நாம் நாள் முழுக்க மூக்கால்தான் பேசுகிறோம். "வந்தான்" என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி "ன்"னுக்கு நாக்கு மேலே போய் ஒட்டுகிறதா? இல்லை, "தா" அப்படியே மூக்கு வழியாக வெளியேறுகிறது. "வந்தோம்" என்று வேகமாகச் சொல்லும்போது உதடு மூடுவதில்லை, அந்த "ஓ" மூக்கில் போய் நிற்கிறது. அந்த "ஓ"தான் "போங் தியா"வில் வருவது. மூடிய உதட்டோடு "போம்" என்று சொல்லாதீர்கள், "வந்தோம், போனோம்" என்று நாலு தடவை பேச்சு வழக்கில் சொல்லிப் பார்த்துவிட்டு அந்தக் கடைசி ஒலியைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட வேடிக்கை, அவர்கள் மொழியில் "இல்லை" என்பதற்கு உள்ள சொல். பேச்சில் சொல்கிற மாதிரி "நான்" என்று தொடங்கி, நாக்கை மேலே ஒட்டாமல், அப்படியே உதட்டைக் குவித்தால் அதுதான் "இல்லை". நம் "நான்" அங்கே "இல்லை" ஆகிவிடுகிறது, தத்துவம் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

அப்புறம் த. "எல்லாம் நலமா?" என்பதற்கு "தூது பேங்?" என்பார்கள். ஆங்கிலம் பழகிய நாக்கு இதை "டூடு" என்று சொல்லப் பார்க்கும், அது தப்பு. பல்லில் படும் த, தமிழில் எழுதியபடியே "தூது" என்று படித்தால் நடுவில் வரும் மெல்லிய த உட்பட அச்சு அசலாக அதே ஒலி. புறாவைத் தூது விட்டால் என்ன ஒலியோ அதுதான். "ஒப்ரிகாது"வில் வரும் கா, து இரண்டும் இப்படித்தான். "ஐயா" என்று பொருள்படும் "செஞோர்" என்பதில் வருவது நம் ஞாயிற்றுக்கிழமை ஞ.

பாண்_பிரியை:
நானும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறேன். இலங்கைத் தமிழருக்கு இந்த மொழியில் பாதிச் சொந்தம் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. நாங்கள் சாப்பிடுகிற பாண், அதாவது ரொட்டி, காலில் போடுகிற சப்பாத்து, சமைக்கிற குசினி எல்லாம் அங்கேயிருந்து வந்தவைதான். எல்லாத் தமிழருக்கும் பொதுவாக ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, பொத்தான், வராந்தா. எனக்கு ஆசிரியர் முதல் வகுப்பில் மேசையைக் காட்டி "மெஸ" என்றதும் நான் "தெரியும்" என்று சொல்லிவிட்டேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் பாண் விஷயத்தில் கவனம். மூக்கொலியை விட்டுவிட்டு வெறும் "பாவ்" என்று கேட்டால் அது குச்சி, பிரேசில் கொச்சையில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, இங்கே எழுத மாட்டேன். அக்கா சொன்ன கல்யாணக் கதை மாதிரிதான், மூக்கு மறந்தால் மானம் போகும்.

சாம்பா_சாமி:
அந்த இன்னொரு பொருளைப் பேக்கரியில் நான் கேட்டிருக்கிறேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

"ஒப்ரிகாது"விலிருந்துதான் ஜப்பானியரின் "அரிகாதோ" வந்தது என்று சொல்வார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் பூனையாரே.

இலக்கணப்_பூனை:
சேர்த்துக்கொள்ள மாட்டேன். போர்த்துக்கீசியர் ஜப்பானில் கால் வைத்தது 1543 வாக்கில், அந்தச் சொல்லின் வேர் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஜப்பானியத்தில் இருக்கிறது. ஒலி ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான்.

நன்றி பற்றி உருப்படியாக ஒன்று சொல்கிறேன். சொல்கிறவர் ஆண் என்றால் "ஒப்ரிகாது", பெண் என்றால் "ஒப்ரிகாத". யாரிடம் சொல்கிறோம் என்பது கணக்கில்லை. "கடமைப்பட்டவன், கடமைப்பட்டவள்" என்று தமிழில் நினைத்துக்கொண்டால் மறக்காது, சொல்லின் அசல் பொருளும் அதுதான்.

நேரே_பேசு:
இவ்வளவு நேரம் படித்தேன், ஒன்று கேட்கட்டுமா? போர்ச்சுகலில் இளைஞர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள். நீங்கள் ஒரு வரி தட்டுத்தடுமாறிச் சொன்னதும் அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். எதற்கு இந்த மனப்பாடம்? நான் இரண்டு வருடம் இருந்தேன், "போங் தியா", "ப்ரிகாது" தாண்டியதே இல்லை, ஒரு குறையும் இல்லை.

லிஸ்பன்_அக்கா:
இரண்டு வருடத்தில் எத்தனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்?

குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். ஆங்கிலம் அலுவலகம் வரைக்கும் வரும். கட்டிடத்தில் கீழ்வீட்டுப் பாட்டிக்கும் மருந்துக்கடையில் வரிசையில் நிற்கிற தாத்தாவுக்கும் வராது. இங்கே லிஃப்டில் ஏறினாலும், கடைக்குள் நுழைந்தாலும், காத்திருப்பு அறையில் உட்கார்ந்தாலும் முகம் தெரியாத ஆட்களுக்கும் வணக்கம் சொல்வார்கள். மதியச் சாப்பாடு வரை "போங் தியா", அதற்குப் பிறகு "போஅ தார்த", இருட்டினால் "போஅ நொய்த்த". இந்தக் கடைசி, வரும்போதும் சொல்லலாம், போகும்போதும் சொல்லலாம். இதைச் சொல்லாமல் உம்மென்று நிற்கிறவனைப் பார்த்துத்தான் "இவனுக்கு வளர்ப்பு சரியில்லை" என்பார்கள்.

ஆங்கிலத்துக்குத் தாவுவதற்கு ஒரு தடுப்பு உண்டு. "போத ஃபலார் மைஷ் தெவகார், புர் ஃபவோர்?" கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா, அவ்வளவுதான். இதைப் போர்த்துக்கீசியத்திலேயே கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குப் போக யோசிப்பார். புரியவில்லை என்றால் "நாவ்ங் பெர்செபி". சாமியின் ஊரில் அதையே வேறு மாதிரி சொல்வார்கள்.

சாம்பா_சாமி:
"நாவ்ங் இந்தெந்தி". அங்கே "பெர்செபி" என்று சொன்னால் "கவனித்தேன்" என்கிற மாதிரி ஒலிக்கும்.

வாசல்_வரை:
கேள்வி கேட்கப் பயந்துகொண்டு வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். நீ, நீங்கள் என்று இவர்களிடம் இருக்கிறதா? "வொசே" என்பதுதான் "நீங்கள்" என்று எங்கோ படித்தேன்.

இலக்கணப்_பூனை:
அங்கேதான் குழி இருக்கிறது. பிரேசிலில் பெரும்பாலான இடத்தில் "வொசே" சாதாரணமானது, நண்பனுக்கும் சொல்லலாம், கடைக்காரருக்கும் சொல்லலாம். தெற்கே ரியோ கிராண்டி டு சுல் பக்கம் "து" புழங்குகிறது. வயதானவருக்கு "உ செஞோர்", "அ செஞோர". போர்ச்சுகலில் வீட்டார், நண்பர், ஒத்த வயதினர் என்றால் "து". மற்றவர்களை நேருக்கு நேர் "வொசே" என்று கூப்பிட்டால் பலருக்குச் சுருக்கென்று படும், மரியாதையும் இல்லை, நெருக்கமும் இல்லை என்கிற ஒரு தொனி.

அப்படியானால் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாதீர்கள். மரியாதை வினையை மட்டும் வைத்துவிட்டு ஆளை விழுங்கிவிடுங்கள். முன்பின் தெரியாதவரிடம் "கோமு ஸெ ஷாம?" என்றால் உங்கள் பெயர் என்ன, "கோமு தெ ஷாமஷ்?" என்றால் உன் பெயர் என்ன. இல்லையென்றால் எதிரில் இருப்பவர் பெயரையே படர்க்கையில் சொல்வார்கள், "மரியா காபி குடிக்கிறாரா?" என்று மரியாவிடமே கேட்பார்கள். நாம் "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று அண்ணனிடமே கேட்கிறோமே, அதே சங்கதி. தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

லிஸ்பன்_அக்கா:
பெயர் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன், இதுதான் நமக்கு உண்மையான தலைவலி. நமக்கு இருப்பது இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் "அப்பெலீது" என்று ஒரு கட்டம் இருக்கும், போர்ச்சுகலில் அது குடும்பப் பெயர். அதில் அப்பா பெயரை எழுதுவோம், அதற்குப் பிறகு ஊரே நம்மை அப்பா பெயரால் கூப்பிடும். ஒரு அலுவலகத்தில் என்னை "செஞோர முருகேசன்" என்று நாலு தடவை கூப்பிட்டார்கள், அப்பா இங்கே எப்போது வந்தார் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன், என் முறை போய்விட்டது.

சாம்பா_சாமி:
இங்கே அதுவே தலைகீழ். பிரேசிலில் "அப்பெலீது" என்றால் செல்லப்பெயர், பட்டப்பெயர். குடும்பப் பெயருக்கு "சோப்ரிநோமி" என்பார்கள். ஒரு விருந்தில் என்னிடம் "அப்பெலீது என்ன?" என்று கேட்டார்கள். படித்தது போர்ச்சுகல் புத்தகம், அப்பா பெயரைச் சொல்லிவிட்டேன். நண்பர்கள் எல்லோருக்கும் நான் இன்றுவரை கோவிந்தசாமிதான். ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

இதே மாதிரி இன்னொன்று: "ரபரீக" போர்ச்சுகலில் இளம்பெண். பிரேசிலில், முக்கியமாக வடகிழக்கில், அது வசை. கடல் தாண்டி எடுத்துப் போகாதீர்கள்.

வாசல்_வரை:
முத்தம் கொடுப்பார்கள் என்கிறார்களே, அது நிஜமா?

லிஸ்பன்_அக்கா:
நிஜம்தான், ஆனால் முத்தம் என்பது பெரிய வார்த்தை. கன்னத்தோடு கன்னம் ஒட்டி, காற்றில் ஒரு சத்தம். போர்ச்சுகலில் இரண்டு, பெண்ணும் பெண்ணும், ஆணும் பெண்ணும். ஆணும் ஆணும் கைகுலுக்கல். அலுவலகத்தில் முதல் சந்திப்பு என்றால் பெரும்பாலும் எல்லோருக்கும் கைதான். கையை நீட்டிவிட்டுக் காத்திரு, எதிராளி முகத்தைக் கொண்டுவந்தால் நீயும் கொண்டுபோ. வேண்டாம் என்றால் கையை நீட்டியபடியே நில், புரிந்துகொள்வார்கள்.

சாம்பா_சாமி:
சாவ் பாவுலுவில் ஒன்று, ரியோவில் இரண்டு. மூன்று கொடுக்கும் இடமும் உண்டு, மூன்றாவது "கல்யாணம் ஆவதற்கு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். எண்ணிக்கை தெரியாமல் நடுவில் நிறுத்தினால் இன்னொரு முகம் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும், அந்த ஒரு நொடி தீராது.

புது_ஆள்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், வீடு தேடுவதிலேயே நேரம் போய்விட்டது. முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

எழுந்து நின்று சொன்னேன். "கஸாது"வில் வண்டு ரீங்காரம் வந்தது, அக்கா, சத்தியமாக வந்தது. முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் படபடவென்று ஒரு நிமிடம் பேசினார், எனக்கு "இந்தியா" மட்டும் கேட்டது. "மைஷ் தெவகார்" என்றேன். சிரித்துவிட்டு உண்மையாகவே மெதுவாகப் பேசினார். அவர் கேட்டது, "போங் தியா"வை உன் மொழியில் எப்படிச் சொல்வது என்று. வெள்ளைப் பலகையில் வணக்கம் என்பதை அவர்கள் எழுத்தில் எழுதினேன்.

பூனையாரே, இதற்காகத்தான் வந்தேன். அவர்கள் எழுத்து வழக்கில் சொல்லின் கடைசியில் "அம்" வந்தால் உதட்டை மூடாமல் மூக்கால்தான் படிப்பார்களாம். எல்லோரும் "வணக்கவ்ங்" என்று மூக்கில் முடித்தார்கள். எங்கள் தெருவில் சொல்கிற மாதிரியே இருந்தது. நான்தான் புத்தகத் தமிழில் உதட்டை மூடிச் சொல்லியிருந்தேன்.

இலக்கணப்_பூனை:
இதை எதிர்பார்க்கவில்லை. நன்று.

புது_ஆள்:
ஒரு சறுக்கலும் உண்டு. அதே ஆள் போகும்போது "கின்த" அன்று காபிக்குப் போவோம் என்றார். கிழமைகளை எண்ணால் சொல்கிறார்கள் என்று தெரியும், கின்த என்றால் ஐந்தாவது என்றும் தெரியும். திங்களிலிருந்து ஐந்து எண்ணினேன். வெள்ளிக்கிழமை போய் முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து காபி குடித்தேன்.

லிஸ்பன்_அக்கா:
ஐயோ தம்பி. ஞாயிறுதான் முதல் நாள். திங்கள் "செகுந்த", இரண்டாவது. கின்த வியாழன். அவர் முந்தின நாள் உனக்காகக் காத்திருந்திருப்பார்.

புது_ஆள்:
காத்திருந்தாராம். திங்கட்கிழமை வந்து அவரே சொன்னார், மெதுவாக.